பதில் தண்ணீர்

குளத்தில் தண்ணீர் குறையாததைப் பார்த்து ஒருத்திக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். குறைந்தால்தானே பயப்படுவார்கள்? ஆனால் மடைக்காரிக்குக் கரைத்தது. காலையில் வந்து கரையில் கால் வைத்ததுமே கரைத்தது.

வெயில் கொளுத்துகிறது. மடை திறந்து கிடக்கிறது. மடைக்குக் கீழே வாய்க்காலில் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியிருந்தும் குளம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. வழக்கமாக இந்தப் பருவத்தில் கரையோரச் சேறு வெடித்து, நடுக்குளத்தில் ஒரு பட்டமரக் கட்டை தலையை நீட்டிவிடும். அதன்மேல் நீர்க்காகம் ஒன்று வந்து உட்கார்ந்து, சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். இந்த வருஷம் கட்டையையும் காணோம், காகத்தையும் காணோம். தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது.

அது தானாக உண்டான குளம் இல்லை. ஆற்றோரச் சரளைக் குவாரியில் தோண்டித் தீர்த்த பழைய பள்ளம். அடியிலும் பக்கங்களிலும் களிமண் பூசி, மழைக்காலத்தில் ஆறு பெருகி ஓடும்போது நிரப்பி வைப்பார்கள். குவாரி சரளை அலசுவதற்கு ஆற்றுத் தண்ணீரை எடுக்கிறது. அது போதாதென்று, தோண்டிய பள்ளங்களில் ஊறி நிற்கும் தண்ணீரை வெயில் குடிக்கிறது. அதுவும் ஆற்றுத் தண்ணீர்தான். இப்படிப் போனதையெல்லாம் ஆறு மெலியும் மாதங்களில் ஆற்றுக்கே திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் கீழே இருக்கிறவர்கள் வாயில் மண்தான். அந்த நிபந்தனையின்மேல்தான் ஆற்று ஆபீஸ் குவாரிக்கு அனுமதியே கொடுத்திருந்தது. எடுத்ததற்குப் பதிலாக விடுவதால் குவாரியில் அதற்குப் பதில் தண்ணி என்று பெயர். குளம், பதில் குளம். மடையைத் திறந்து மூடி, அதற்குக் கீழே வாய்க்காலில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து, இன்றைக்கு இவ்வளவு விட்டோம் என்று சொல்வது மடைக்காரியின் வேலை. அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பள நாள் தவிர மற்ற நாளில் அது யாருக்கும் ஞாபகம் வராது.

அவள் நேரே மேனேஜரிடம் போனாள். மேனேஜரின் அறை என்பது கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டி. அதில் ஜன்னல் வெட்டி, ஃபேன் மாட்டி, ஆபீஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அடுப்பில் ஏற்றிய சட்டிக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் அவர் உட்கார்ந்திருந்தார்.

"சார், குளம் குறையவே இல்ல."

"நல்ல விஷயம்தானே?"

"மடை திறந்திருக்கு சார். வெயில் வேற இப்படி அடிக்குது. குறையணும்."

மேனேஜர் நல்ல மனுஷர். யாரிடமும் கத்தமாட்டார். கத்தினால் வேர்க்கும். "குறைஞ்சா ஆத்து ஆபீஸ் என்னைத் திட்டும். குறையலன்னா நீங்க திட்டுறீங்க. நான் எங்கதான் போறது, சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர் புதுவெட்டுல ஊத்தைக் கண்டுபிடிச்சாரா இல்லையா? அந்தத் தண்ணியைப் பம்பு வெச்சுக் குளத்துக்குத்தானே அனுப்புறோம்? அதான் குறையல. நல்லது நடந்தாலும் பயப்படுற ஆளை நான் இப்பத்தான் பாக்குறேன்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. புதுவெட்டு என்பது வாய்க்காலை ஒட்டிச் சமீபத்தில் தோண்ட ஆரம்பித்த பள்ளம். அதைத் தோண்டுகிற எந்திரத்தை ஓட்டுவது அவள் வீட்டுக்காரர். என்றைக்கோ ஆறு ஓடிவிட்டுக் கைவிட்டுப்போன பழைய தடம் ஒன்று மண்ணுக்கடியில் இருந்தது அவர் எந்திரத்துக்குத்தான் அகப்பட்டது. களிமண் கலக்காத சுத்தமான உருண்டைச் சரளை. கூடவே, சில்லென்று ஊற்று. குவாரியே அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. எல்லாம் சரிதான். ஆனாலும் அவள் அடிவயிறு சமாதானமாகவில்லை. சமாதானமாகாததற்குக் காரணம் அவள் தங்கை.

தங்கை ஆற்றின் கீழ்ப்பக்கம் மீன் குஞ்சு வளர்க்கிறாள். ஸ்கூட்டரில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆற்றிலிருந்து சின்ன வாய்க்கால் ஒன்று அவள் தொட்டிகளுக்குள் வந்து, சுற்றிவிட்டு, மறுபடி ஆற்றுக்கே போய்விடும். ஓடுகிற தண்ணீர் இருக்கும்வரைதான் குஞ்சுகளுக்கு உயிர். தண்ணீர் நின்று சூடேறினால் வாயைத் திறந்து மூடி மேலே வந்து மிதக்கும். முட்டைவிடுகிற தாய்மீன்கள் தனித்தொட்டியில் இருக்கும். அவற்றை வளர்த்து ஆளாக்க அவளும் அவள் புருஷனும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அந்த வாய்க்காலின் வாயில் ஒரு கருங்கல் கிடக்கிறது. தங்கைக்கு அளவுகோல், கணக்கு எல்லாம் அந்தக் கல்தான். கல் முழுகியிருந்தால் தண்ணீர் போதும். கல் தெரிந்தால் ஆபத்து.

அவள் மடைக்குத் திரும்பி வந்ததுமே போன் அடித்தது.

"அக்கா, கல்லு தெரியுது."

"நேத்தும் இதைத்தானே சொன்ன."

"நேத்து தலை தெரிஞ்சுது. இன்னிக்குத் தோள் தெரியுது. நீ தண்ணி விடுறியா இல்லையா?"

"விடாம? மடை திறந்துதான் இருக்கு. அளவுகோல் முன்னாடி நின்னுதான் பேசுறேன். போன வருஷத்தைவிட ஒரு பிடி கூடவே போகுது."

"போகுதுன்னா எங்க போகுது? இங்க வரலையே."

"வந்துக்கிட்டே இருக்கும்டி. ஆத்துல நடுவுல எத்தனை பேர் எடுப்பாங்க."

தங்கை குரலைத் தணித்துக் கேட்டாள். "ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் கிணத்துத் தண்ணித் தொட்டி தரேங்குறார். தாய்மீனை மட்டுமாவது அங்க மாத்திடவா? குஞ்சை மாத்த முடியாது, தாங்காது. தாய்மீன் தாங்கும்னு நினைக்கிறேன். நீ சொல்லு. நீ தண்ணி வந்துடும்னு சொன்னா மாத்தல."

இந்த இடத்தில் மடைக்காரி ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. தங்கை சின்ன வயதிலிருந்தே எதையும் ஊதிப் பெரிதாக்குகிறவள். கொசு கடித்தால் பாம்பு என்று தெருவைக் கூட்டியவள். அளவுகோலோ கண்ணெதிரே நிற்கிறது, அது ஊதாது, பெருக்காது. "இந்த வெயில்ல வண்டியில ஏத்தினா பாதி வழியிலயே செத்துப்போகும். பேசாம இரு. தண்ணி வரும். நான் சொல்றேன்ல?"

"ஒரு தடவை வந்து கல்லைப் பாரேன்கா."

"வேலை தலைக்கு மேல கிடக்குடி. மடையைவிட்டு எங்க வரது?"

"சரிக்கா," என்று தங்கை போனை வைத்தாள்.

அந்த 'சரிக்கா' அன்றைக்குப் பூராவும் காதிலேயே இருந்தது. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. பிடிகொடுக்காமல், ஒப்புக்குச் சொன்ன சரி அது. மடைக்காரி மத்தியானம் இன்னொரு முறை கரையைச் சுற்றிவந்தாள். கட்டை தெரிகிறதா என்று கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தாள். தெரியவில்லை. தெரிய வேண்டியது தெரியவில்லை, தெரியக்கூடாத கல் தெரிகிறது.

சாயங்காலம் வீட்டுக்காரர் ரொம்ப உற்சாகமாக வந்தார். எந்திரத்தில் நாள் பூராவும் குலுங்கியவர் வீட்டுக்கு வந்தால் பொதுவாகப் பேசமாட்டார். உடம்பு கொஞ்ச நேரம் தானாகக் குலுங்கி நிற்க வேண்டும். புதுவெட்டு கிடைத்ததிலிருந்து ஆளே மாறிவிட்டார். சாப்பிடும்போது வாய் இரண்டு வேலை பார்த்தது.

"முட்டை முட்டையா வருது சரளை. அலசவே வேண்டாம், அப்படியே எடுத்துக்கலாம். அந்த ஊத்து இருக்கே, என்ன குளிர்ச்சி. கண்ணாடி மாதிரி. இன்னிக்கு மூஞ்சி கழுவினேன், வெயிலே மறந்துபோச்சு. நம்ம ராசி அது."

"ம்."

"என்ன 'ம்'? புருஷன் ஊத்து கண்டுபிடிச்சா ஊரே மெச்சுது, வீட்டுல ஒரு 'ம்'. இருந்தாலும் அதுக்கும் கொஞ்சம் திமிரு இருக்கு பாத்துக்கோ. செவ்வாய்க்கிழமை பூரா ஒழுங்கா வரல. மத்தியானம் பம்பு காத்தை இழுத்து இருமுது. ஊத்துக்கும் லீவு போலன்னு பசங்க சிரிச்சாங்க. அப்புறம் சாயங்காலம் பாத்தா பழையபடி வந்துடுச்சு."

மடைக்காரியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை. மடையின் கம்பிவலையில் பாசி அடைத்துக்கொண்டது என்று காலையில் மடையை இறக்கி மூடிவிட்டு, மத்தியானம் தாண்டும்வரை குனிந்து பாசி வாரியது அவள்தான். இடுப்பு இன்னும் வலிக்கிறது. வாரி முடித்துத்தான் மறுபடி திறந்தாள்.

"என்னங்க," என்றாள். "செவ்வாய்க்கிழமை நான் மடையை மூடியிருந்தேன்."

"அதுக்கு?"

"நான் மூடினா உங்க ஊத்து ஏன் நிக்கணும்?"

அவர் மென்றுகொண்டே இருந்தார். பிறகு மெல்வது நின்றது. குவாரியில் இத்தனை வருஷம் மண்ணைப் புரட்டியவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பதில் குளத்திலிருந்து ஆற்றுக்குப் போகிற வாய்க்கால் புதுவெட்டை ஒட்டித்தான் போகிறது. குளத்துக்குத்தான் களிமண் பூசியிருக்கிறது, வாய்க்காலுக்குப் பூசவில்லை. வாய்க்காலின் அடி சரளை. பக்கத்தில் ஆழமாக வெட்டினால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? சல்லடையில் ஊற்றியதுபோல் இறங்கி, வெட்டுக்குள் ஊற்றாக வந்து நிற்கும். அதைப் பம்பு உறிஞ்சிக் குளத்துக்கு அனுப்பும். குளத்திலிருந்து மடை வழியாக மறுபடி வாய்க்காலுக்கு வரும். மடையை ஒட்டி நடப்பட்ட அளவுகோல், போன தண்ணீரே திரும்பத் திரும்பப் போவதை ஒவ்வொரு முறையும் புதிது என்று எண்ணும்.

"உளறாத," என்றார் அவர். ஆனால் குரலில் முறுக்கு இல்லை. "அது ஊத்துதான். நான் கையை விட்டுப் பாத்தேன்."

"இருக்கட்டும். ஊத்தாவே இருக்கட்டும். நாளைக்கு மடையை மூடிப் பாக்கலாம். ஊத்து நிக்காம வந்தா நான் உளறினேன்னு வெச்சுக்கோங்க."

"மூடிட்டா? உன் தங்கச்சிக்குப் போற கொஞ்ச நஞ்ச தண்ணியும் நின்னுடும். ஊத்து நிஜம்னா, நீ மூடினதால அவ மீன் சாகும். யோசிச்சுப் பேசு."

"நிஜம் இல்லன்னா, திறந்து வெச்சிருக்கிறதாலயே சாகும்."

அவர் தட்டைத் தள்ளினார். அவருடைய ராசி, ஊரே மெச்சிய வெட்டு, எல்லாம் ஒரு வாய்ச் சோற்றுக்கும் இன்னொரு வாய்ச் சோற்றுக்கும் நடுவில் போய்விடும் போலிருந்தது. கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. "மூடு," என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அவள் அன்று தூங்கினாள் என்று சொன்னால் பொய். புரண்டு புரண்டு படுத்தாள். தங்கைக்குப் போன் பண்ணி, நாளைக்கு மூடப்போகிறேன் என்று சொல்லலாமா என்று நினைத்தாள். எப்படிச் சொல்வது? இத்தனை நாள் விடுகிறேன் விடுகிறேன் என்று சொன்ன வாயால், நாளைக்கு நிறுத்துகிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. கோழைத்தனம்தான். அவளுக்கே தெரிந்தது.

மறுநாள் வேலைக்குப் போனதும் முதல் வேலையாக மடைச் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினாள். துருப்பிடித்த சக்கரம் கிறீச்சிட்டது. பலகை இறங்க இறங்க வாய்க்காலின் சத்தம் குறைந்து, அப்புறம் அறவே நின்றது. நல்ல கோடையில் அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. வாய்க்காலில் மிச்சமிருந்த தண்ணீர் ஓடி இறங்கி, ஈரச் சரளை பளபளத்து, பிறகு மங்கியது. மேனேஜரிடம் போய், "சார், மடையை மூடிட்டேன். மத்தியானம் வரைக்கும் எதுவும் கேக்காதீங்க," என்றாள். அவர் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

புதுவெட்டின் கரையில் போய் நின்றாள். கீழே வீட்டுக்காரர் எந்திரத்தை நிறுத்திவிட்டு, அதன்மேலேயே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரின் விளிம்பில் ஒரு கடப்பாரையை நட்டு வைத்திருந்தார். சொல்லாமலே நட்டிருந்தார். அவள் கடப்பாரையைப் பார்த்தாள், அவர் கடப்பாரையைப் பார்த்தார். பம்பு படபடவென்று ஒரே சீராக அடித்தது. ஊற்றுக்கண்ணில் தண்ணீர் பொங்கிக்கொண்டே இருந்தது.

வெயில் ஏறியது. தண்ணீர் கடப்பாரையை விட்டு அசையவில்லை. தப்புப் பண்ணிவிட்டோமோ? ஊற்று நிஜமான ஊற்றாகவே இருந்தால்? இந்நேரம் கீழே ஆற்றில் தண்ணீர் இறங்க ஆரம்பித்திருக்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் கல்லின் இடுப்பு தெரியும். தண்ணீர் வரும் என்று சொன்ன அக்காவே மடையைப் பிடித்து மூடினாள் என்று தங்கைக்குத் தெரிந்தால் ஜென்மத்துக்கும் முகத்தில் விழிக்கமாட்டாள். ஓடிப்போய் சக்கரத்தைத் திருப்பிவிடலாமா என்று இரண்டு முறை திரும்பினாள். இரண்டு முறையும் காலை எடுத்துவைக்காமல் நின்றாள். வேண்டிக்கொள்ளலாம் என்றால், என்னவென்று வேண்டுவது? ஊற்று நிற்க வேண்டும் என்றா, நிற்கக்கூடாது என்றா? நின்றால் இத்தனை நாள் தங்கைக்குச் சொன்னதெல்லாம் பொய். நிற்காவிட்டால் இன்றைக்குச் செய்தது பாவம்.

அப்போது பம்பின் சத்தம் மாறியது. படபடப்புக்கு நடுவில் ஒரு விக்கல். அப்புறம் இன்னொன்று. கடப்பாரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண் ஈரமண் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பம்பு காற்றை இழுத்து இரும ஆரம்பித்தது.

வீட்டுக்காரர் எந்திரத்திலிருந்து இறங்கினார். போய்ப் பம்பை அணைத்தார். ஊற்றுக்கண் இருந்த இடத்தில் குந்தி, முழங்கை வரைக்கும் சரளைக்குள் கையை விட்டுத் துழாவினார். வெளியே எடுத்தபோது கையில் ஈரம் இருந்தது, அவ்வளவுதான். அவர் நிமிர்ந்து கரையில் நிற்கும் மனைவியைப் பார்த்தார்.

"ஊத்து இல்ல," என்றார். "நம்ம ஒழுகல்."

மேனேஜரின் இரும்புப் பெட்டிக்குள் போய் இருவரும் நடந்ததைச் சொன்னார்கள். மேனேஜருக்குப் புரிய நேரமாகவில்லை. விரலால் மேஜைமேல் ஒரு வட்டம் போட்டார். குளம், மடை, வாய்க்கால், வெட்டு, பம்பு, மறுபடி குளம். "அப்ப நாம விட்ட தண்ணியை நாமளே குடிச்சு, குடிச்சதையே திரும்ப விட்டுக்கிட்டு..." என்று சிரிக்க ஆரம்பித்தார். மற்ற இருவரும் சிரிக்காததால் பாதியில் நிறுத்தினார்.

"இத்தனை நாளா ஆத்துக்கு எவ்வளவு போச்சு?"

"ஏதோ கசிஞ்சது போயிருக்கும் சார். அளவுகோல்ல நான் பாத்ததெல்லாம் நம்மகிட்டயே இருக்கு. அதோ, குளத்துல."

மேனேஜர் நெற்றியைத் துடைத்தார். "அளவுகோலை மடைகிட்ட நடச் சொன்னது நான்தான். நடக்க தூரம் கம்மின்னு."

"அதையே கட்டிக்கிட்டு அழுதது நான் சார். ஒரு நாள் வாய்க்காலோட கடைசி வரைக்கும் நடந்து போயிருந்தா போதும்."

அந்த ஒன்றைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. வாய்க்கால் ஆற்றில் சேரும் இடம் ஒன்றும் காத தூரத்தில் இல்லை. மடையில் போனால் ஆற்றிலும் போகும் என்று அவள் மட்டுமா, குவாரியே நம்பியது.

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. அலசும் எந்திரத்தை நிறுத்தச் சொன்னார் மேனேஜர். ஆற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டும் இனிச் சரளைக்குக் கிடையாது. மடையைத் திறக்க வேண்டும். தண்ணீர் வெட்டுக்குள் வந்தால் வரட்டும், ஆனால் பம்பின் குழாய் குளத்துக்குப் போகக்கூடாது, நேரே ஆற்றுக்குப் போக வேண்டும். வெட்டைக் களிமண் போட்டு மூடும்வரை அப்படியே ஓடட்டும். ஆற்று ஆபீஸுக்கு அவரே போன் போட்டு, தண்ணீர் போய்ச் சேரவில்லை, தப்பு எங்களுடையது என்று சொன்னார். சொல்லும்போது நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னார். வீட்டுக்காரர் எந்திரத்தின் கையில் குழாயைக் கட்டி, ஆற்றை நோக்கி இழுத்துக்கொண்டு போனார். தான் கண்டுபிடித்த வெட்டைத் தானே மூட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

மடைக்காரி சக்கரத்தை மறுபடி சுற்றித் திறந்துவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை போட்டுக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தாள்.

வழியெல்லாம் ஆற்றைப் பார்த்துக்கொண்டே போனாள். ஆறு எலும்பும் தோலுமாகக் கிடந்தது. இவ்வளவு மெலிந்திருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. நினைத்திருக்க எங்கே நேரம்? அவள்தான் அளவுகோலுக்குக் காவல் இருந்தாளே. தாய்மீனை மாத்தாதே என்று சொன்ன தன் குரல் தன் காதிலேயே கேட்டது. எவ்வளவு தைரியமாகச் சொன்னாள். நினைக்க நினைக்க வண்டி தள்ளாடியது.

தங்கையின் இடத்துக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது கல்தான். தலை, தோள் மட்டும் இல்லை, முழுசாகவே தெரிந்தது. அடியில் பாசிகூடக் காய ஆரம்பித்திருந்தது. பக்கத்திலிருந்த பெரிய தொட்டியை எட்டிப் பார்த்தாள். தாய்மீன் தொட்டி அது. காலியாக இருந்தது. தொட்டியின் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அது செத்துப்போகல," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தங்கை கையில் வலையோடு நின்றாள். பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது, முகம் கறுத்திருந்தது. "அந்தப் பக்கத்துத் தொட்டிக்கு மாத்திட்டோம். நேத்தே."

"நேத்தா?"

"உன்கிட்ட சரிக்கான்னு சொன்னேன்ல? போனை வெச்சதும் வண்டி சொன்னேன். ஒண்ணுகூடச் சாகல."

மடைக்காரிக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் எங்கோ குத்தவும் செய்தது. "நான் சொன்னதை நீ நம்பலையா?"

"கல்லை நம்பினேன்," என்றாள் தங்கை.

குஞ்சுத் தொட்டிகளை அவள் காட்டவில்லை. காட்டாமலே தெரிந்தது. ஒரு தொட்டியின் மூலையில் வெள்ளை வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்தன. மற்றதில் தங்கையின் புருஷன் குந்தி உட்கார்ந்து, வாளியில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தான். தண்ணீரில் காற்றுக் கலந்தால் மிச்சம் பிழைக்கும். மடைக்காரியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மறுபடி மொள்ள ஆரம்பித்தான்.

"நான் உனக்கு விட்ட தண்ணி உனக்கு வரவே இல்லடி," என்றாள் மடைக்காரி. சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் வந்துவிட்டது. வெட்டு, வாய்க்கால், பம்பு, வட்டம், செவ்வாய்க்கிழமைப் பாசி, இன்று காலை மூடியது, எல்லாம். "பொய் சொல்லணும்னு சொல்லல. அளவுகோல்ல தெரிஞ்சுது, சொன்னேன்."

தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். சின்ன விஷயத்துக்கெல்லாம் தெருவைக் கூட்டுகிறவள் இன்றைக்குக் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உனக்குத் தெரியாம நடந்துச்சு, புரியுது. மாமா வெட்டினதும் தெரியாம வெட்டினதுதான். அதுக்கெல்லாம் எனக்குக் கோபம் இல்ல." வலையில் சிக்கியிருந்த ஒரு குஞ்சை எடுத்துக் கீழே போட்டாள். "வந்து பாருக்கா, வந்து பாருக்கான்னு எத்தனை தடவை கூப்பிட்டேன். பக்கத்துலதான் இருக்க. கல்லைப் பாக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

மடைக்காரி தானும் ஒரு வாளியை எடுத்தாள். தங்கை அவள் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டாள். "நீ போ. அங்க குழாய் சரியா போகுதான்னு பாரு. இங்க நாங்க பாத்துக்குறோம்."

அவள் திரும்பி வந்து, இருட்டும்வரை குழாயின் வாயருகிலேயே நின்றாள். தண்ணீர் ஆற்றில் விழுவதைக் கண்ணால் பார்த்தாள். மடையின் பக்கத்திலிருந்த அளவுகோலைப் பிடுங்கிக்கொண்டு வந்து, ஆற்றில் தண்ணீர் சேரும் இடத்தில் அவளே நட்டாள். அப்படியும் மனசு அடங்கவில்லை. இங்கே விழுகிற தண்ணீர் அங்கே போய்ச் சேர வேண்டுமே. நடுவில் இன்னும் என்னென்ன பள்ளம் இருக்கிறதோ, யார் கண்டது.

மறுநாள் விடிந்தது. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தாள். வீட்டுக்காரர் களிமண் லோடு வருவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். தன் ராசியை மூடப் போகிற மனுஷர், பாவம், கயிற்றை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினார். அப்போது போன் அடித்தது.

"கல்லு முழுகிடுச்சு," என்றாள் தங்கை.

"நிஜமாவா? முழுசாவா?"

"முழுசா. குஞ்சுத் தொட்டியில மிச்சம் இருந்தது பிழைச்சுக்கும் போல." தங்கையின் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் லேசாகக் கேட்டது. "நீ வர வேண்டாம்."

அக்கா என்று சொல்லாமலே போனை வைத்துவிட்டாள்.

மடைக்காரி போனை மேஜைமேல் வைத்தாள். செருப்பை மாட்டினாள். ஸ்கூட்டர் சாவியைத் தேடி எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் வீட்டுக்காரர். "அவதான் வர வேண்டாம்னு சொல்லிட்டாளே, எனக்கே கேட்டுச்சு."

"வா வான்னு எத்தனையோ தடவை சொன்னா," என்றாள் அவள். "அப்பல்லாம் நான் போகல."